நமக்கும் ஒரு சாதகம்!

தோழர்களே! சோதிடம் பொய், சாதகம் புரட்டு என்று இருபத்தைந்து ஆண்டுக் காலம் மேடையேறிப் பேசி வந்தவர்கள் நாம். அந்த நாமே, நம்மை அறியாமல், ஒரு சாதகத்தை நம்பி வாழ்ந்து வந்தோம் என்றால் நகைப்பீர்கள். நகையுங்கள், ஆனால் கதையைக் கேட்டுவிட்டு நகையுங்கள்.

2022-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள். அகவை 48. விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல் ஒரு வலி. இடத்தோளில் இறங்கிற்று, தாடையில் ஏறிற்று, வியர்வை உடலை நனைத்தது. மனைவி 108-க்குத் தொலைபேசினார். ஊர்தி வந்தது, மருத்துவமனை வந்தது, மணிக்கட்டுக் குருதிக்குழாய் வழியே ஒரு மெல்லிய குழல் இதயம்வரை சென்றது. அடைபட்டிருந்த இடத்தில் சிறு பலூன் விரிந்தது. ஸ்டென்ட் என்னும் வலைச்சுருள் அங்கே நின்றது. நின்றுபோகவிருந்த நாம் நிலைத்தோம்!

வீடு திரும்பிய மூன்றாம் நாள் சின்னம்மா வந்தார். கையில் நம் பிறப்புக் குறிப்பு.

“ஏழரைச் சனி தம்பி. அதுதான் இந்தப் பாடு படுத்திவிட்டது. திருநள்ளாற்றுக்குப் போய், குளத்தில் முழுகி, கட்டிய துணியை விட்டுவிட்டு வா. எல்லாம் தீர்ந்துவிடும்” என்றார்.

அன்பின் மிகுதியால் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. ஆனால் காரணம் எது என்று மருத்துவர் முன்பே கேட்டுவிட்டார்: “எத்தனை ஆண்டாகச் சிகரெட் பிடிக்கிறீர்கள்?” இருபது ஆண்டு. இரத்த அழுத்தம் இருப்பதும் தெரியும். மாத்திரையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்ததும் தெரியும். கையில் சிகரெட்டை ஏந்தியவன் நான் என்றால், வானத்துச் சனி எப்படிக் குற்றவாளி ஆகும்?

அன்றிரவு படுக்கையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கணக்கெழுதிப் பிழைப்பவர்கள் அல்லவா! சனிக் கோள் கதிரவனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு. அதைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. மூன்று இராசிக்கு ஏழரை. ஏழரைச் சனியின் இரகசியம் இவ்வளவே! எந்த நேரமும் பன்னிரண்டில் மூன்று இராசிக்காரர்கள் அதன் பிடியில் இருந்தாக வேண்டும். 800 கோடி மக்களில் கால் பங்கு, ஏறத்தாழ 200 கோடிப் பேர்! அத்தனை பேர் நெஞ்சும் அன்று அடைத்ததா? அந்தச் சனி மகரத்தில் நுழைந்த நாளையாவது பஞ்சாங்கங்கள் ஒரே குரலில் சொன்னதுண்டா? திருக்கணிதம் 2020 சனவரி என்றது. வாக்கியம் 2020 திசம்பர் என்றது. ஒரு கோள், ஓர் இராசி, இடையில் பதினோரு திங்கள் வழக்கு! நம் நெஞ்சு எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வலித்ததோ!

சிரித்துக்கொண்டோம். சிரித்த கணத்திலேயே ஒரு கேள்வி சுட்டது. சனி ஒரு கோள். அதற்கு வளையம் உண்டு. அது நம்மை ஆட்டுவிப்பதில்லை என்று ஊர் ஊராய் முழங்கினோமே, அந்தக் கோளை நாம் ஒருநாளேனும் கண்ணால் கண்டதுண்டா? இல்லை! சோதிடரும் காணவில்லை, அவரை மறுத்த நாமும் காணவில்லை.

காண வேண்டும் என்ற ஆசை இல்லாமலா போயிற்று? 1986-இல் நமக்குப் பன்னிரண்டு வயது. சவ்வாது மலைக் காவலூரில், 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய பெருந்தொலைநோக்கி அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டது. வகுப்பில் ஆசிரியர் அச்செய்தியைப் படித்துக் காட்டியபோது, ‘நாமும் ஒருநாள் சனியின் வளையத்தைப் பார்ப்போம்’ என்று நெஞ்சில் எழுதிக்கொண்டோம். பிறகு? தங்கையின் திருமணம் முடியட்டும் என்றோம். வீட்டுக் கடன் தீரட்டும் என்றோம். பிள்ளைகள் கல்லூரியை முடிக்கட்டும் என்றோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அறுபதில் ஓய்வு, அதன்பின் நம் கனவு’ என்றோம்.

இதுதான் தோழர்களே, நாம் நம்பிய சாதகம்! அறுபது வரை உயிரோடிருப்போம் என்று எழுதிக் கொடுத்தவர் யார்? எந்த ஏட்டில் இருந்தது அது? கட்டமும் இல்லை, கணிப்பும் இல்லை. ஆயினும் உறுதியாக நம்பினோம். சின்னம்மா ஓலையைப் பார்த்து நம்பினார். நாம் ஓலையும் இல்லாமலே நம்பினோம். யாருடையது பெரிய மூடநம்பிக்கை?

அதே படுக்கையில்தான் நம்மைக் காத்த குழலின் வரலாற்றையும் படித்தோம். உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்துக்குள் குழல் செலுத்துவது ஆகாத செயல் என்று மூத்தோர் தடுத்த காலத்தில், 1929-இல், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் செர்மானிய மருத்துவர் தம் கை நரம்பு வழியே தாமே குழலைச் செலுத்தி, நடந்துபோய் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் காட்டினார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1977 செப்டம்பர் 16-இல், சூரிக் நகரில், ஆந்திரியாசு குருன்ட்சிக் பலூன் கொண்டு இதயக் குழாயை முதன்முதலாக விரித்தார். ‘ஆகாது’ என்றதை ஆக்கிக் காட்டியவர்களின் துணிவால் பிழைத்த உயிர் இது. இந்த உயிரை வைத்துக்கொண்டு, ‘இந்த வயதில் ஆகாது’ என்று நாம் சொல்லலாமா?

திருநள்ளாற்றுக்கென ஒதுக்கச் சொன்ன தொகையோடு நிறுத்திவிட்ட சிகரெட்டுக் காசையும் சேர்த்து ஒரு சிறு தொலைநோக்கி வாங்கினோம். 70 மில்லிமீட்டர் வில்லை, எழுபது மடங்கு பெருக்கிக் காட்டும், அவ்வளவே.

தோழர் ஒருவர் நேரிலேயே கேட்டார்: “ஊரில் சாதிச் சுவர் இன்னும் நிற்கிறது. உமக்கு நட்சத்திரம் பார்க்கும் பொழுதுபோக்கா?”

தைத்தது, தைக்க வேண்டிய கேள்விதான். விடை சொல்கிறோம். நம் தந்தை 1953-இல் பள்ளிச் சிறுவர். அரைநாள் எழுத்து, அரைநாள் அப்பன் தொழில் என்று வந்த குலக்கல்வித் திட்டத்தில் அவர் அரைநாள் சக்கரத்தின்முன் உட்கார்ந்து மண் பிசைந்தார். 1954-இல் அத்திட்டம் ஒழிந்தது. ஆனால் அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. பானை வனைபவன் மகனுக்குப் பானைக்கு மேலே எதற்கு என்றது அன்றைய ஆதிக்கம். வயிற்றுக்கு வேண்டியதற்கு மேல் எதையும் விரும்பாதே என்பதுதான் அடிமைக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். உழைப்பவன் மகன் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் தன்மானமே! ஆனால் கனவு கடமைக்கு மாற்றன்று. அதனால் அந்தத் தொலைநோக்கி நம் வீட்டில் பூட்டிக் கிடப்பதில்லை. சனிக்கிழமைதோறும் படிப்பகத்து மாடிக்குப் போகிறது.

2022 ஆகசுட்டு. மேகம் விலகிய ஓர் இரவு. தென்கிழக்கு வானில் இமைக்காத மங்கலான மஞ்சள் புள்ளி. கண்ணை வைத்தோம். புள்ளி உருண்டையாயிற்று, உருண்டையைச் சுற்றி, தொடாமல், ஒரு வளையம்! ஒன்பது புவிகளை வரிசையாய் அடுக்கினாலும் மிஞ்சும் அகலமுள்ள கோள், கடுகளவாய்க் கண்முன் நின்றது. முப்பத்தாறு ஆண்டு காத்த கண் கலங்கிற்று; கலங்கிய கண்ணுக்கு வளையம் தெரியவில்லை! துடைத்துக்கொண்டு மீண்டும் பார்ப்பதற்குள் அது பார்வை வட்டத்தை விட்டு நழுவியிருந்தது. நழுவியது சனியன்று, நம்மைச் சுமந்த புவி சுழன்றுவிட்டது. நேரம் நமக்காக நிற்பதில்லை என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் நமக்குச் சொன்னதில்லை.

சின்னம்மாவையும் மாடிக்கு அழைத்தோம். பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. “இவ்வளவு அழகா இருக்கே தம்பி!” என்றார். அடுத்த சனிக்கிழமை எள் விளக்கும் ஏற்றினார், ஏற்றிய கையோடு மாடிப்படி ஏறி வந்து, “இன்றைக்கும் அது தெரியுமா?” என்று கேட்டார். அச்சம் ஒரே இரவில் சாவதில்லை. ஆனால் அச்சத்தின் பக்கத்தில் வியப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. இனி அதை எழுப்பி அனுப்ப முடியாது.

பெரியார், சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்திய உடலோடு ஊர் ஊராய்ச் சுற்றினார். 1973 திசம்பர் 19-இல் சென்னைத் தியாகராய நகரில் இறுதி உரை, 24-இல் மறைவு. அகவை 94. ‘உடல் தேறட்டும், பிறகு பேசலாம்’ என்று அவர் காத்திருந்தால் எத்தனை கூட்டம் நடந்திருக்கும்? அவருடைய பணி எங்கே, நம்முடைய சிறு ஆசை எங்கே! ஆயினும் ‘பிறகு’ என்ற சொல்லை நம்பாதே என்ற பாடம் இருவருக்கும் ஒன்றே.

2025 மார்ச்சில் சனியின் வளையம் விளிம்பு காட்டித் திரும்பிற்று. புவியிலிருந்து நோக்குவோர்க்கு இல்லாததுபோல் ஆயிற்று. 1612-இல் கலிலியோவையே திகைக்க வைத்த காட்சி அது. வளையம் அழியவில்லை, நாம் நோக்கும் கோணம் மாறிற்று. இனி அது ஆண்டுக்காண்டு விரிந்து, 2032-இல் முழு அழகோடு தெரியும். அப்போது நமக்கு 58. பார்ப்போமா? மாத்திரையை இப்போது இழுப்பறையில் வைப்பதில்லை, காலையில் நடக்கிறோம், சிகரெட்டைத் தொடுவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்கிறோம். அதற்குமேல் எவரும் உறுதி தர முடியாது. எந்தச் சாதகமும் தர முடியாது.

ஆகவே இளைஞர்களே, நோய் வந்து கற்பிக்கும்வரை நீங்களும் காத்திராதீர்கள். நடுவயதுத் தோழர்களே, பிழைத்து எழுந்த பின்னும் பழைய ஏட்டையே புரட்டாதீர்கள். படிக்க நினைத்ததைப் படியுங்கள். பாட நினைத்ததைப் பாடுங்கள். போக நினைத்த ஊருக்குப் புறப்படுங்கள். 2032-ஐ நாம் விரும்புகிறோம். ஆனால் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. வரும் சனிக்கிழமை வானம் தெளிந்திருந்தால், படிப்பகத்து மாடியில் இருப்போம். வாருங்கள்!