மரமில்லாப் பெருவெளியில் மிதிவண்டி

'நல்லார்பர்' என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே அதனை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இட்ட பெயரென எண்ணத் தோன்றும். அன்று, அது இலத்தீன். 'மரமே இல்லை' என்பது பொருள். அச்சுண்ணாம்புக்கற் சமவெளியில் ஆறு கிடையாது. பெய்யும் சிறு மழையையும் கல்லே குடித்துவிடும். 1896ஆம் ஆண்டு நவம்பரில், தென்திசைக் கோடை தொடங்கும் வேளையில், ஆர்தர் ரிச்சர்ட்சன் என்னும் 24 வயது இளைஞர் கூல்கார்டியிலிருந்து மிதிவண்டியேறி அவ்வெளியை நோக்கிப் புறப்பட்டார்.

பித்தரின் செயல் எனலாமோ? கூல்கார்டியை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். 1892இல் பொன் கிடைத்ததால் எழுந்த ஊர் அது. அங்கே உவர்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து, அந்நீரை விலைக்கு விற்றனர். குழாய்வழி நீர் வந்தது 1903இல்தான். குதிரைக்கு நாள்தோறும் நீர் வேண்டும், தீனி வேண்டும். மிதிவண்டி எதையும் கேட்பதில்லை. எனவே பொன்வயல்களில் மடல் சுமந்தோரும் வேலை தேடி அலைந்தோரும் அதனையே நாடினர். பாதையை அவர்களுக்கு ஒட்டகங்கள் அமைத்துத் தந்தன! 'ஆப்கானியர்' எனப் பொதுவாக அழைக்கப்பட்ட ஒட்டகக்காரருள் அன்றைய இந்தியாவின் வடமேற்குப் பகுதியினரும் இருந்தனர். அவர்களின் விலங்குகள் வரிசையாய் நடந்து நடந்து, மெத்தென்ற அகன்ற பாதங்களால் அழுத்திய ஒற்றையடித் தடம், காற்றடைத்த சக்கரத்திற்கு ஏற்ற வழியாயிற்று.

ரிச்சர்ட்சன் சமவெளியில் தந்திக்கம்பியை வழிகாட்டியாகக் கொண்டார். சிறு மூட்டையும் நீர்ப்பையுமே துணை. வண்டி முறிந்தால் நடக்க வேண்டும்; நீர் தீர்ந்தால் நடக்கவும் இயலாது. வெயிலையும் மணலையும் கடந்து 31 நாளில் அடிலெய்டை அடைந்தார். நல்லார்பரை மிதிவண்டியில் முதலில் கடந்தவர் அவரே.

'ஆளில்லா நிலத்தை வென்றவர்' என அவரைப் புகழ்வது மட்டும் பொருந்தாது. அந்நிலத்தில் மக்கள் பன்னெடுங்காலமாய் வாழ்ந்தனர். பாறைக்குழிகளில் நீர் தங்கும் இடங்களை அவர்கள் அறிந்திருந்தனர். வரைபடத்தில் வெறுமையாய்க் கிடந்தது அவர்களுக்கு வீடு.

அவரது வேட்கை அத்துடன் தணியவில்லை. 1899 ஜூன் 5ஆம் நாள் பெர்த்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார்; இம்முறை கண்டத்தையே சுற்றிவருவது நோக்கம். அதே ஆண்டில் டொனால்ட் மக்கேயும் வைட் சகோதரர் இருவரும் எதிர்த்திசையிற் கிளம்பினர். அவர்கள் மூவர்; இவர் தனியர். 1900 பிப்ரவரி 4ஆம் நாள், ஏறத்தாழ 11,500 மைல் கடந்து, இவரே முதலில் சுற்றை முடித்தார்.

நல்லார்பர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைக்கு முழுமையாகத் தார் இட்டு முடித்தது 1976இல். இன்றும் அவ்வழியே மிதிவண்டியிற் செல்வோர், அடுத்த நீர் எத்தனை கிலோமீட்டரில் என்று கணக்கிட்ட பிறகே காலையில் மிதிக்கத் தொடங்குகின்றனர்.