யாம் டயர் தேர்ந்த கதை

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவராகிய எமக்கும் மோட்டார் வண்டியின் டயருக்கும் யாது இயைபு என்று இத்தலைப்பைக் காணும் நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எழுத்தைப் படித்துப் பொருள் காண்பதே எம் படிப்பு. அங்ஙனமிருந்தும், எம் கண்ணெதிரே கிடந்த நான்கு எண்களைப் படியாது விட்டமையால், எம் அன்னையாரையும் தமையனாரையும் பேரிடருக்கு உள்ளாக்க இருந்தோம். அதனை மறையாது உரைப்பதே ஈண்டு எம் கருத்து.

சென்ற 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் எம் தமையனார் பழைய வண்டி ஒன்று வாங்கினார். அது 2016-இல் செய்யப்பெற்ற வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. உருவிற் சிறிது, ஓட்டத்திற் கடிது. 1.2 லிட்டர் எஞ்சினேயாயினும் டர்போவின் துணையால் அம்பெனப் பாயும். வண்டி வீட்டு வாயிலில் வந்து நின்ற அன்று அன்னையார் எம்மை நோக்கி, “சக்கரமெல்லாம் நன்றாய் இருக்கின்றனவா, ஐயா?” என்றார். யாம் வண்டியை ஒருமுறை வலம் வந்தோம். நான்கு டயர்களும் கருகருவென்று மின்னின. “புதிது போலவே இருக்கின்றன, அம்மா” என்றோம். அம்மினுக்கம் விற்றவர் பூசிய பாலிஷ் என்பதை யாம் அறிந்திலோம்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு மாலை, பாளையங்கோட்டையினின்றும் நாகர்கோவிலுக்குச் சென்றுகொண்டிருந்தோம். நாங்குநேரி கடந்ததும் சாலையில் நீர் தேங்கியிருந்தது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் இருக்கலாம். திடீரெனத் தமையனார் கையில் ஸ்டீயரிங் பஞ்சென இலேசாயிற்று. வண்டி சாலையை விட்டு நீரின்மேல் மிதந்து இடப்புறம் ஒதுங்கியது. அவர் பிரேக்கை மிதியாது காலை எடுத்தமையால், ஓரத்துச் சேற்றில் இறங்கி நின்றது. எவர்க்கும் ஊறில்லை. அன்னையார் சிறிது நேரம் வாய் திறந்திலர். பின்னர், “சக்கரம் நன்றாய் இருக்கிறது என்றாயே, ஐயா” என்றார். அச்சொல்லிற் சினமில்லை, அதனாலேயே எம்மை மிகச் சுட்டது.

மறுவாரம் பாளையங்கோட்டையில் ஒரு டயர்க் கடைக்குச் சென்றோம். கடைக்கார அண்ணாச்சி ஈரத்துணியால் பின்சக்கரத்தின் பக்கத்தைத் துடைத்தார். பாலிஷ் நீங்க, மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. ஒரு நீள்வட்டத்துள் ‘1816’ என்ற எண் இருந்தது. “2016-ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்திற் பிறந்தது, தம்பி. எட்டு ஆண்டாயிற்று. பட்டன் இருக்கிறது, உயிர் இல்லை. ரப்பர் இறுகிவிட்டது” என்றார். முன்சக்கரங்களிலோ பட்டனே தேய்ந்து, பள்ளங்களின் அடியிலுள்ள சிறு திட்டுகளோடு மட்டமாகும் நிலையில் இருந்தது. அத்திட்டுகளின் உயரம் 1.6 மில்லிமீட்டர், புதிய டயரின் பள்ளமோ ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமுடையது. அப்பள்ளங்களே நீர் வடியும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்த வயலில் நீர் எங்கே போகும்?

பின்னர் அவர் ‘185/60 ஆர் 15 84 எச்’ என்ற வரிக்குப் பதவுரை கூறத் தொடங்கினார். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பக்கச்சுவரின் உயரம் என்றவாறு. அஃதாவது 111 மில்லிமீட்டர். ஆர் என்பது உள்ளிழைகள் ரேடியல் முறையில் அமைந்தமையைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 84 என்பது ஒரு டயர் 500 கிலோகிராம் தாங்கும் என்பதற்கும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை பொறுக்கும் என்பதற்கும் குறியீடு. ஒரு சூத்திரத்துள் இத்துணைப் பொருளா என்று வியந்தோம்.

வியந்தும் எம் ஆசை அடங்கவில்லை. சிறிய விரைவு வண்டிக்கு அகன்ற சக்கரமே அழகென்று எண்ணி, 17 அங்குல அலாய் வீலும் 205/40 அளவு டயரும் போட்டால் என்ன என்று வினவினோம். அண்ணாச்சி நகைத்தார். “கண்ணுக்கு அழகுதான். ஆனால் பக்கச்சுவர் 82 மில்லிமீட்டராய்க் குறுகும். நம் ஊர்க் குழியில் ஒருமுறை விழுந்தால் ரிம் வளையும். காய்ந்த சாலையில் நன்றாய்ப் பிடிக்கும். தேங்கிய நீரிலோ அகன்ற டயர் எளிதில் மிதக்கும். நீங்கள் மிதந்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்?” என்றார். யாம் வாய் அடங்கினோம்.

தமையனார், “எஞ்சின் முன்சக்கரங்களைத்தானே இழுக்கிறது, முன்னே இரண்டு மட்டும் மாற்றினாற் போதாதா, அண்ணாச்சி?” என்றார். பணமுடை அவர் குரலில் தெரிந்தது. அண்ணாச்சி விடையிறுத்தார்: “இரண்டே மாற்றுவதானால் நல்லதைப் பின்னே போட வேண்டும், தம்பி. முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கிலே தெரியும். காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி வசத்துக்கு வரும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பிடித்து நிறுத்த எல்லாராலும் ஆகாது. உங்களுக்கு முன்னவை தேய்ந்தவை, பின்னவை கிழடு. நான்கும் மாற்றுவதே வழி.”

இனி எவ்வகை டயர் என்பதே எஞ்சிய வினா. ஈரத்தில் பிடிப்பு, நெடுநாள் உழைப்பு, எரிபொருட் சிக்கனம் என்னும் மூன்றையும் முழுமையாய் ஒருங்கே தரும் ரப்பர் இல்லை. ஒன்றை மிகுத்தால் மற்றொன்றில் விட்டுக்கொடுக்க நேரும். தமையனார் சிறிதும் தயங்காது ஈரப்பிடிப்பு மிக்கதையே கேட்டார். அது விலை மிக்கது, விரைவில் தேயக்கூடியது. நூல்கள் வாங்குதற்கென யாம் சேர்த்திருந்த நாலாயிரம் ரூபாயை அவர் கையில் வைத்தோம். அவர் மறுத்தார், யாம் விடவில்லை. எம் ஒரு சொல்லின் விலை அது என்று கருதினோம்.

புதிய டயர்கள் வந்தபோது, எவரும் ஏவாமலே குனிந்து நான்கின் பிறந்த வாரத்தையும் படித்தோம். நான்கும் அவ்வாண்டினவே. அலைன்மென்ட் பார்த்து, சக்கரம் குளிர்ந்திருக்கும்போது காற்றளவு பார்க்கும் பழக்கத்தையும் கற்றுத் திரும்பினோம்.

டிசம்பரில் அதே சாலையில், அதே மழையிற் சென்றோம். புறப்படுமுன் அன்னையார், “சக்கரம் பார்த்தாயா, ஐயா?” என்றார். “படித்தேன், அம்மா” என்றோம். வண்டி பூமியைத் தொடும் இடம் ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பி, நாங்குநேரி வருமுன் அன்னையார் உறங்கிப்போனார்.

நண்பர்காள், மின்னுவதைக் கண்டு ஒருவர்க்கு உறுதி கூறுதல் எளிது. குனிந்து, துடைத்து, படித்து, அதன்பின் கூறுதலே எம்மனோர்க்குக் கடனாம்.