பாகு பதம்

“கெட்டியா ஊத்துனா தாங்கும்.” எங்க பக்கத்துப் பட்டறைகளில் இதுதான் எழுதாத சட்டம். டிபரன்சியல் ஊளையிட்டால் 140. சீல் ஒழுகினால் 140. மேட்டுப் பாதை என்றாலும் 140. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அதற்காக மேஸ்திரிகளைக் குறைசொல்ல மாட்டேன். எங்க தெருப் பையன்கள் எட்டாவதோடு நின்று பட்டறைக்குப் போகிறவர்கள். பத்து வருஷம் கிரீசில் கைவிட்டு வேலை கற்றவனுக்கு, வண்டியோடு வந்த புத்தகத்தை யாரும் காட்டியதில்லை. காட்டினாலும் அது இங்கிலீஷ். வேலை செய்கிற கை நம்முடையது. அந்த வேலையைப் பற்றிய எழுத்து மட்டும் யாரோ ஒருத்தருடைய பீரோவில் கிடக்கிறது.

எங்க மாமா கடன் வாங்கிப் பழைய லாரி ஒன்று எடுத்தார். விற்றவன் ஓட்டிக் காட்டியபோது சத்தமே இல்லை. சேலத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும்போது பின்னால் ஊளை கிளம்பியது. தருமபுரி வருவதற்குள் பல் உடைந்து வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கூழ் மாதிரி ஆயில். தேய்ந்த பல்லின் சத்தத்தை அமுக்குவதற்காகவே அதை ஊற்றியிருக்கிறான். கிரவுன், பினியன் இரண்டையும் செட்டாக மாற்ற வேண்டி வந்தது. அந்த மாதத் தவணையும் அத்தையின் கம்மலும் அதிலேயே போயின. தேய்ந்த பல்லை எந்த ஆயிலும் திரும்ப முளைக்க வைக்காது.

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிபரன்சியல். இன்ஜினின் இழுவை முழுதும் பினியனின் ஒருசில பற்கள் வழியாகத்தான் கிரவுனுக்குப் போகிறது. பற்கள் அழுத்தியபடியே ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. நடுவில் நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான்.

அந்தப் படலத்தின் கெட்டித்தன்மைக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பேர் பாகுநிலை. நல்ல பேர். பாலக்கோடு, கடத்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சப் போகிற நம்ம சனங்களுக்குப் பாகு பதம் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொப்பரையில் சூடாக இருக்கையில் ஓடும், ஆறினால் இறுகும். ஆயிலும் அப்படித்தான். ரொம்பக் கெட்டியாக இருந்தால் பினியன் பேரிங்குக்குள் சட்டென்று இறங்காது. கிரவுன் அதைக் கடைந்துகொண்டே இருப்பதால் சூடேறும், டீசல் செலவும் கூடும். ரொம்ப நீர்த்துப்போனால் சுமையிலும் சூட்டிலும் படலம் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பதம்.

டின்னில் போட்டிருக்கும் எண் அந்தப் பதத்தைத்தான் சொல்கிறது. 80டபிள்யூ-90 என்றால், முதல் எண் குளிருக்கு. 80டபிள்யூ ஆயிலை மைனஸ் 26 டிகிரியிலும் 85டபிள்யூ ஆயிலை மைனஸ் 12 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். நம்ம ஊர் மார்கழி அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். 100 டிகிரி சூட்டில் 90 நம்பர் ஆயில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 140 நம்பர் 24 முதல் 32.5க்குள். இன்ஜின் ஆயிலின் 40, 50ஐ இதோடு ஒப்பிடக்கூடாது, அளவுகோலே வேறு. 90 நம்பர் கியர் ஆயில் ஏறக்குறைய இன்ஜின் ஆயிலின் 40, 50 கெட்டிதான்.

எண் மட்டும் போதாது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இன்னொரு எழுத்து இருக்கிறது. ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து அதிகம். படலம் அறுகிற நேரத்தில் டிபரன்சியல் பல்லைக் காப்பாற்றுவது அதுதான். அதே ஆயில் கியர்பாக்சின் பித்தளை வளையங்களைத் தின்னக்கூடும். அதனால் ஒரே டின்னை இரண்டுக்கும் ஊற்றுவதற்கு முன்னால் புத்தகத்தைப் பார்க்கணும்.

“புத்தகத்தப் பாத்தா வண்டி ஓடுது?” என்றார் எங்க தெரு மேஸ்திரி.

“ஓட்டுறது நீங்கதாண்ணா. ஆனா செஞ்சவன் என்ன ஊத்தச் சொல்றான்னு தெரியணுமில்ல?”

சிரித்தார். மறுநாள் இரவுப் பள்ளிக்கு அவரே ஒரு புத்தகத்தோடு வந்தார். எந்த வண்டிக்கு என்ன எண், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்றுவது என்று பையன்கள் தமிழில் எழுதி எடுத்தார்கள். கடைசியில் மேஸ்திரி சொன்னதையும் சேர்த்துக்கொண்டார்கள்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றும் ஓட்டையின் கீழ்விளிம்பு வரை நிரப்பு. வடித்த ஆயிலில் இரும்புத் துணுக்கு இருந்தால் உள்ளே பிரித்துப் பார். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒழுகினால் சீலை மாற்று, ஆயிலைக் கெட்டியாக்காதே.

அந்தத் தாள் இப்போது பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அடுத்து பிரேக் ஆயிலைப் படிக்கலாம் என்று பையன்கள் கேட்டிருக்கிறார்கள்.