மலையடியில் ஓர் ஏரி

ரமணாசிரமத்துப் பக்கத்துத் தெருவில் வளர்ந்த எனக்கு மலையைச் சுற்றித்தான் பழக்கம். ரியோ டி ஜெனிரோவில் ஏரியைச் சுற்றினேன். ஊர்க்காரர்கள் அதை லகோவா என்கிறார்கள். சுற்றுப்பாதை ஏழரை கிலோமீட்டர், நம் கிரிவலத்தில் ஏறக்குறையப் பாதி. அண்ணாந்தால் கோர்கோவாடோ மலை, உச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஏசு. அண்ணாமலையைவிட அந்த மலை நூறு மீட்டர் தாழ்வு. ஆனால் அடிவாரத்தில் எவ்வளவு தண்ணீர்! நல்ல மழை பெய்தால் மட்டுமே நம் சமுத்திரம் ஏரி நிறையும். இங்கே கால்வாய் வழியாகக் கடலே வந்து போகிறது.

விடியும்போதே ஒல்லிப் படகுகள் இறங்கிவிட்டன. கால்பந்துக்குப் பேர்போன ஃபிளமெங்கோ, 1895இல் துடுப்புப் படகுக் கழகமாகப் பிறந்ததாம். பந்தெல்லாம் பிறகுதான்.

நான் பார்க்க வந்தது தத்து பாபன் போகனல் துடுப்புப் போட்ட இடத்தை. நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமமான தலேகாவ் ரோஹியில், அப்பாவோடு கிணறு வெட்டியவர். 2012இல் ராணுவத்தில் சேர்ந்தபின் புனேயில்தான் துடுப்பைப் பிடித்தார். முதலில் தண்ணீரென்றாலே பயமாம். நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்ஸ்! துடுப்புப் படகில் இந்தியாவிலிருந்து வந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் தாய் விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவு தடுமாறிக் கிடந்தார்.

பந்தயத் தூரம் 2,000 மீட்டர். ஆசிரம வாசலிலிருந்து பெரிய கோயில் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தைக் கடைசிப் பந்தயத்தில் 6 நிமிடம் 54.96 விநாடியில் கடந்தார். படகு வெறும் 14 கிலோ. காற்று சற்றே வலுத்தாலும் ஆடும். போட்டியின் முதல் நாள் அலையில் செர்பியர்களின் படகு கவிழ்ந்தே போனது. அப்படிப்பட்ட தண்ணீரில் இவர், போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்தபடி இழுத்தார்.

கிடைத்தது 13ஆம் இடம். ஒற்றையர் பிரிவில் அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு முன்னே வந்ததில்லை. பதக்கம் இல்லாததால் நாம் கொண்டாடாமல் விட்டோம். எனக்கு இன்றும் அது வருத்தம்தான். கரையில் நின்று முழுத் தூரத்தையும் கண்ணால் அளந்தபோது மெய்சிலிர்த்தது.

2018 ஆசியப் போட்டியின் துடுப்புப் படகுப் பந்தயங்கள் பலெம்பாங்கில் நடந்தன. உடல் சோர்ந்து, ஒற்றையர் இறுதியில் கடைசியாக வந்தார் தத்து. மறுநாள் ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு நால்வராக இறங்கினார், தங்கம் வாங்கினார்கள்.