8085-ம் என் மண்டையும்

பொட்டி தட்டுற யாரை வேணா கேட்டுப் பாருங்க. "வேலை கஷ்டமில்லைங்க, வேலை செய்ய விடாம மண்டைக்குள்ள ஓடுது பாருங்க, அதுதான் கஷ்டம்"னு சொல்வாங்க. கோடு எழுதிட்டிருக்கும்போது இஎம்ஐ ஞாபகம் வரும். இஎம்ஐ கட்டலாம்னு பேங்க் ஆப்பைத் திறந்தா, டேமேஜர் (மேனேஜரைத்தான் சொல்றேன்) காலையில 'பேசணும்'னு மொட்டையா அனுப்பின மெசேஜ் ஞாபகம் வரும். ராத்திரி படுத்தா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண வீட்ல மாமா சொன்ன வார்த்தை பக்கத்துல வந்து படுத்துக்கும்.

மனசை அடக்கு, எண்ணத்தைக் கட்டுப்படுத்துன்னு சொல்றதுக்கு நிறைய பெரியவங்க இருக்காங்க. நான் ஞானி இல்ல, ஈசிஈ படிச்சுட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவன். அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய சிப்பை வச்சே சொல்றேன்.

8085. நம்மள்ல பாதிப் பேரு லேப்ல இந்த கிட் முன்னாடி உட்கார்ந்து ஹெக்ஸ் கோடு தட்டினவங்கதான். 1976-ல இன்டெல் வெளியிட்ட சிப். இதுக்கு அஞ்சு இன்டரப்ட் பின் உண்டு. மெயின் புரோகிராம் ஓடிட்டிருக்கும்போது இன்டரப்ட் வந்தா என்ன பண்ணும்? கையில இருக்கற இன்ஸ்ட்ரக்‌ஷனை முடிக்கும். எங்கிருந்து தொடரணும்ங்கற அட்ரஸை ஸ்டாக்ல போட்டு வைக்கும். வந்த இன்டரப்ட்டுக்கான சின்ன ரொட்டீனை ஓட்டும். அது முடிஞ்சதும் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்துடும். கோபமும் கிடையாது, 'ஐயோ மறுபடியும் வந்துடுச்சே'ங்கற புலம்பலும் கிடையாது.

நாம பண்றது இதுக்கு நேரெதிர். எண்ணம் வந்ததும் ஒண்ணு அதோட போயிடறோம், இல்ல அதை விரட்டறோம். விரட்டினா போகாதுங்கறதுக்கு ஒரு பிரபலமான பரிசோதனையே இருக்கு. 1987-ல டேனியல் வெக்னர்ங்கற உளவியலாளரும் அவரோட குழுவும் ஆளுங்களை உட்கார வச்சு, "அஞ்சு நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்க"ன்னு சொன்னாங்க. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம், "இப்ப தாராளமா நினைக்கலாம்"னதும், முதல்லேர்ந்தே நினைக்கச் சொன்னவங்களை விட இவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சாம். நம்ம ஊர்ல குரங்கை நினைக்காம மருந்து சாப்பிடுன்னு சொல்ற கதையேதான் :-)

சரி, விரட்டவும் வேண்டாம், பின்னாடி போகவும் வேண்டாம்னா வேற என்னதான் பண்றது? 8085 பண்றதைத்தான்.

கீபோர்டுக்கு இடது பக்கம் ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்கேன். எண்ணம் வந்தா முதல்ல, அடிச்சிட்டிருக்கற வரியை முடிப்பேன். ரெண்டாவது, எங்க நிறுத்தினேன், அடுத்து என்ன செய்யப் போறேன்னு ஒரு வரி. இதுதான் ஸ்டாக். மூணாவது, வந்த எண்ணத்துக்கு ஒரு வரி. அந்த வரியில ஒரு வேலையும் ஒரு நேரமும் கட்டாயம் இருக்கணும். 'மேனேஜர் மெசேஜ்'னு எழுதினா பிரயோஜனமே இல்ல. 'சாயந்திரம் 4 மணிக்கு, எதைப் பத்தின்னு மேனேஜர்கிட்ட நேர்ல கேட்கணும்'னு எழுதணும். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் ரிட்டர்ன்.

இந்த 'வேலையும் நேரமும்' சமாச்சாரம் நானா கண்டுபிடிச்சதில்ல. 2011-ல மசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேரு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முடிக்காத வேலை மனசுல இருந்தா, படிக்கற பக்கத்துல கவனம் நிக்கறதில்ல. ஆனா அந்த வேலையை எப்போ, எப்படி செய்வோம்னு குறிப்பா ஒரு திட்டம் போட்டவங்களுக்கு, வேலை முடியாமலே தொந்தரவு குறைஞ்சிடுச்சு. அதாவது, மனசு கேக்கறது 'முடிச்சுட்டியா'ன்னு இல்ல. 'இதை யாராவது பாத்துப்பாங்களா'ன்னுதான்.

தூக்கத்துக்கும் இது உதவும். 2018-ல அமெரிக்காவுல பேய்லர் பல்கலைக்கழகத்துல 57 பேரை வச்சுப் பாத்தாங்க. படுக்கறதுக்கு முன்னாடி பாதிப் பேரு அஞ்சு நிமிஷம் இனிமே செய்ய வேண்டியதை எழுதினாங்க, மீதிப் பேரு செஞ்சு முடிச்சதை எழுதினாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிட்டாங்க. ஒன்பது நிமிஷம்தானான்னு சிரிக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனைப் பாத்துட்டுக் கிடந்தவனுக்குத்தான் ஒன்பது நிமிஷத்தோட அருமை தெரியும்.

இது வரைக்கும் ஆபீஸ் கதை. இதுக்கு மேலதான் சிக்கல்.

போன வருஷம் அப்பாவுக்குக் கழுத்துல ஒரு கட்டி. ஊசி வச்சு எடுத்து பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர ஆறு நாள் ஆகும்னாங்க. அவர் விருதுநகர்ல, நான் பெங்களூர்ல. எனக்கு அதே வாரம் ரிலீஸ். "நீ வந்து என்ன பண்ணப் போற, ரிசல்ட் வரட்டும், அப்ப வா"ன்னுட்டார்.

8085-ல ட்ராப்னு ஒரு இன்டரப்ட் இருக்கு, ஞாபகம் இருக்கா? மத்த நாலையும் புரோகிராம்லயே தடுத்து வச்சுக்கலாம். ட்ராப்பைத் தடுக்கவே முடியாது. வந்தா வந்ததுதான். அந்த ஆறு நாளும் எனக்கு அதுதான். நோட்டுல எழுத என்ன இருக்கு? செய்யக்கூடியதை எழுதினேன்: இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்து வைக்கணும், லீவுக்குச் சொல்லி வைக்கணும், மதுரையில எந்த டாக்டர்னு அக்காகிட்ட கேக்கணும். மூணு வரியில முடிஞ்சிடுச்சு. பயம் மட்டும் அப்படியே நிக்குது. 'ஒருவேளை அதுவா இருந்தா'ங்கறதுக்கு வேலையும் கிடையாது, நேரமும் கிடையாது.

வேலை கிடையாது, சரி. ஆனா நேரம் குடுக்கலாம். கவலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ண போர்கோவெக்ங்கற உளவியலாளர் 1983-லயே இதைச் சொல்லியிருக்கார். தினமும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல அரை மணி நேரம் கவலைப்படறதுக்குன்னே ஒதுக்கணும். நடுவுல வந்தா 'உனக்கு நேரம் இருக்கு'ன்னு தள்ளி வைக்கணும். நேரம் வந்ததும் நிஜமாவே உட்கார்ந்து கவலைப்படணும். நான் சாயந்திரம் ஏழு மணின்னு வச்சேன். மொட்டை மாடியில, தண்ணித் தொட்டி பக்கத்துல. அழுகை வந்த நாளும் உண்டு. பத்து நிமிஷத்துல நினைக்கறதுக்கு ஒண்ணுமில்லாம காலியாகிப் போன நாளும் உண்டு.

ஏழரைக்கு அப்பாவுக்கு ஃபோன். வழக்கமா "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேட்டுட்டு, ஒரு கண்ணை லேப்டாப்ல வச்சுக்கிட்டே பேசற ஆளு நான். அந்த வாரம் பயத்தை ஏற்கனவே மாடியில இறக்கி வச்சுட்டதால, அவர் பேசறது காதுல விழுந்துச்சு. மூணாவது நாள் கேட்டார்: "தம்பி, எல்ஐசி பத்திரமெல்லாம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? அம்மாகிட்ட கேக்காத, பயந்துக்குவா."

அவருக்கும் அதே இன்டரப்ட் ஓடிட்டிருந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாம. "சொல்லுங்கப்பா, எழுதிக்கறேன்"னேன். பீரோ, மேல் தட்டு, பச்சை ஃபைல், பேங்க் லாக்கர் சாவினு ஒவ்வொண்ணா சொன்னார், ஒவ்வொண்ணா எழுதினேன். கடைசியில, "சரி, எழுதிட்டேல்ல, போதும்"னு சொல்லிட்டு, ரிலீஸ் எப்படிப் போகுதுன்னு கேட்டார். முதல் தடவையா ரிலீஸ்னா என்னன்னும் கேட்டார் :-)

மளிகைக் கடையில முப்பது வருஷம் சிட்டை எழுதினவர் அவர். கடன் குடுத்த உடனே சிட்டையில குறிச்சுடணும், ராத்திரி கடை சாத்தினப்புறம்தான் பேரேட்டுல ஏத்தணும், வியாபாரம் நடக்கும்போது ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு சின்ன வயசுல என்கிட்ட சொல்லியிருக்கார். நான் சிப்பைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டதை அவர் கல்லாவுல உட்கார்ந்துக்கிட்டே செஞ்சிருக்கார்.

ஆறாவது நாள் ரிசல்ட் வந்துச்சு. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க. நான் நோட்டுல எழுதினதால ரிசல்ட் நல்லா வரலைங்க. அது எப்படியும் வந்திருக்கும். மோசமா வந்திருந்தாலும் இந்த நோட்டு அதைத் தடுத்திருக்காது. நோட்டு குடுத்தது அந்த ஆறு நாளை மட்டும்தான். இல்லேன்னா அதுல ஒரு நாள்கூட நான் ஆபீஸ்லயும் இருந்திருக்க மாட்டேன், அப்பாகூடவும் இருந்திருக்க மாட்டேன்.

முயற்சி பண்ணிப் பாக்கறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஆப் எதுவும் வேண்டாம். ஃபோனை எடுத்தா அதுவே நாப்பது இன்டரப்ட். கடையில இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்க, போதும். இடது பக்கம் வைங்க. நீங்க இடது கைப் பழக்கம்னா வலது பக்கம் வச்சுக்கோங்க.