மகளுக்கு, கண்டியிலிருந்து

கட்டுக்கலை, கண்டி
14.10.2025

அன்பு மகளுக்கு,

ஞாயிறு இரவு நீ பேசியதிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. டிவி லைசன்ஸ் விசாரிக்க ஒருவர் வந்தார், உள்ளே விட்டேன், அறையைக் காட்டினேன் என்றாய். மரியாதையாகத்தான் பேசினார் என்றும் சொன்னாய். அது வரைக்கும் சரி. ஆனால் அவர் கேட்காமலே நீ ஓடிப்போய்க் கடவுச்சீட்டை எடுத்து வந்து நீட்டியிருக்கிறாய். நீ அதைச் சொன்னதும் அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. நீ கவனித்திருக்க மாட்டாய்.

அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும், வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த படிவமும் அதற்குள்தான். 1998 ஜனவரி 25, தலதா மாளிகையில் குண்டு வெடித்தபோது உனக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு இரவில் கதவு தட்டப்பட்டால், யார் என்று கேட்க முதலே அப்பம்மா அந்தப் பையைக் கையில் எடுத்துவிடுவா. 83 யூலைக் கலவரத்தைக் கண்டவ. கதவைச் சுணங்கித் திறந்தாலே சந்தேகப்படுவார்கள் என்று பயந்தா. நீ வளர்ந்ததெல்லாம் அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் உன் கதவைத் தட்டியவர் அந்த வகை ஆள் இல்லை, மகள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தம்பி டிவி லைசன்ஸ் விதிகளை எடுத்துத் தந்தான், இரண்டு இரவு இருந்து வாசித்தேன்.

லைசன்ஸ் விசாரிக்க வருபவர் பொலிஸ் இல்லை. உன் வாசல் வரைக்கும் வந்து தட்டலாம், கேட்கலாம். நீ சம்மதித்தால் மட்டும் உள்ளே வரலாம். சம்மதிக்காவிட்டால் நீதவான் தந்த தேடுதல் ஆணை வேண்டும். அது இல்லாமல் வந்தவரிடம் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “இப்போது பேச விருப்பமில்லை” என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். அது குற்றம் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லவும், அவர் எழுதும் தாளில் கையெழுத்து வைக்கவும் கட்டாயம் இல்லை. நீ பிறந்த நாட்டைப் பற்றியோ விசாவைப் பற்றியோ அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

இன்னொன்றும் வாசித்தேன், மனம் கனத்துவிட்டது. அங்கே லைசன்ஸ் இல்லாமல் பார்த்ததாகத் தண்டிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்களாம். பெண்கள் கூடுதலாக ஏமாற்றுகிறார்கள் என்பதால் இல்லை. பகலில் வீட்டில் இருப்பதும், தட்டினால் திறப்பதும், நின்று பதில் சொல்வதும் பெரும்பாலும் பெண்கள். உன் அப்பம்மாவைப் போலத்தான் உலகம் முழுக்கக் கதவு திறக்கிறார்கள்.

ஆனால் கதவைச் சாத்தலாம் என்பதற்காக, கட்ட வேண்டிய காசைக் கட்டாமல் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. லைசன்ஸ் என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை. அப்பப்பா கொழும்பு வீதிக் கடையில் பிலிப்ஸ் ரேடியோ வைத்திருந்த காலத்தில், வருடா வருடம் தபால் கந்தோரில் காசு கட்டி ரேடியோவுக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டும். பரிசோதகர் தெருமுனையில் தலைகாட்டினால் செய்தி அவருக்கு முன்னால் ஓடிவரும். வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் கேட்டுக்கொண்டிருந்த வீடுகள் சட்டென்று அடங்கிப்போகும், ரேடியோ கட்டிலுக்குக் கீழே சாக்குக்குள் போய்விடும். அப்பப்பா மட்டும் சத்தத்தைக் குறைக்கவே மாட்டார். மேசை லாச்சியிலிருந்து தாளை எடுத்து வாசலிலேயே காட்டி அனுப்பிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது. அதை எங்களுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயர்தான் இன்னும் விடவில்லை. 1922இல் பத்து சிலிங்குக்கு ரேடியோ லைசன்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். 1971இல் ரேடியோவுக்கு நிறுத்திவிட்டு டிவிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

டிவிப் பெட்டி வைத்திருப்பதற்கு அங்கே காசு இல்லை. எந்தச் சனலை ஒளிபரப்பாகும் அந்த நேரத்திலேயே பார்த்தாலும், ஐபிளேயரில் பிபிசி நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும், லைசன்ஸ் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் படத்துக்கும் யூடியூப்பில் கிடக்கும் பழைய நாடகத்துக்கும் வேண்டாம். இங்கேதான் நீ தவறவிட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்: தமிழ்ச் சனலை ஃபோனில் நேரலையாகப் பார்த்தாலும் அதே சட்டம்தான். சென்னையிலிருந்து வருகிறதா கொழும்பிலிருந்து வருகிறதா என்பது கணக்கில்லை. நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தாலும், ஆளுக்கு ஆள் தனித்தனி வாடகை ஒப்பந்தம் என்று சொன்னாய். அப்படியென்றால் மற்றப் பிள்ளையின் லைசன்ஸ் உன் அறைக்குச் செல்லாது.

2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 174.50 பவுண். மாதம் மாதமாகவும் கட்டலாம். கட்டாமல் பார்த்து வழக்குக்குப் போனால் தண்டப்பணம் 1000 பவுண் வரைக்கும் போகும், வழக்குச் செலவு வேறு. நேரலை வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால் அதையும் அவர்களுக்கு எழுதிப் பதிந்துவிடு. பிறகு அவர்கள் அனுப்பும் கடிதங்கள் சில காலத்துக்கு நிற்கும். எது செய்தாலும் உண்மையாக இருக்கட்டும். அப்பப்பா ரேடியோ சத்தத்தைக் குறைக்காமல் இருந்தது அந்தத் தாள் லாச்சியில் இருந்ததால்தான்.

வருகிற திங்கள் தீபாவளி. விசேஷ நிகழ்ச்சிகளை நீ நேரலையில் பார்க்காமல் இருக்கமாட்டாய் என்று அம்மா சிரிக்கிறா. அப்படியென்றால் இந்தக் கிழமைக்குள் கட்டிவிடு, முதல் மாதக் காசை நான் போடுகிறேன். இதைத் தம்பி படம் பிடித்து இன்றே வட்ஸ்அப்பில் அனுப்புவான், தாள் தபாலில் பிறகு வரும். ஹந்தானைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, மழைக்கு முன் தபால் கந்தோருக்குப் போக வேண்டும்.

கடவுச்சீட்டை இன்னும் கதவுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னா. அப்படியென்றால் எடுத்து அலுமாரியில் கீழ்த்தட்டில் வை.

அன்புடன்,
அப்பா