ஆற்றுக்கென்று ஒரு நாள்

நியூசிலாந்தின் வடதீவில் ஓடும் வாங்கனுயி ஆறு சட்டத்தின் முன் ஓர் ஆள். 2017 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மலை தொடங்கிக் கடல் வரை, கிளையாறுகள் உட்பட, அதை உயிருள்ள ஒரே முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஆற்றின் சார்பில் பேச இருவர் உண்டு. ஒருவரை அரசு நியமிக்கும், மற்றவரைக் கரையோர மாவோரி மக்கள் நியமிப்பார்கள். அதே மாதம் நம் உத்தராகண்ட் உயர்நீதிமன்றமும் கங்கைக்கும் யமுனைக்கும் அந்தத் தகுதியைக் கொடுத்தது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வாங்கனுயியின் உரிமைக்குப் பின்னாலோ ஏறத்தாழ 140 ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

அந்த ஆற்றில் துடுப்பு போட்டு, கரையில் கூடாரமடித்துத் தங்கிப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நியூசிலாந்து அரசு ‘பெருநடைகள்’ என்று அறிவித்திருக்கும் பாதைகளில் படகில் மட்டுமே போகக்கூடியது இது ஒன்றுதான். டௌமருனுயியிலிருந்து பிபிரிகி வரை 145 கிலோமீட்டர். வழக்கமாக ஐந்து நாள் ஆகும். அவ்வளவு விடுப்பு இல்லாதவர்கள் ஃபாகஹோரோவிலிருந்து தொடங்கினால் 87 கிலோமீட்டரை மூன்று நாளில் முடிக்கலாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான பருவத்தில் தங்குமிடங்களை முன்பதிவு செய்தே தீர வேண்டும். நினைத்த மணல்திட்டில் கூடாரமடிக்க முடியாது.

திட்டமிடும்போது நண்பர்களிடம் நான் விடாமல் வற்புறுத்தியது ஒன்றைத்தான். பயணம் முடியும் நாளுக்கு மறுநாளே விமானச் சீட்டு எடுக்கக் கூடாது. வாங்கனுயியில் நம் தலைமேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே மலையில் பெய்தாலே போதும், ஒரே இரவில் நீர்மட்டம் சில மீட்டர் ஏறிவிடும். வெள்ளம் ஏறினால் படகு வாடகைக்கு விடுபவர்கள் படகை இறக்கவே மாட்டார்கள். நடுவழியில் இருப்பவர்கள் நீர் வடியும்வரை முகாமிலேயே காத்திருக்க வேண்டும். மறுநாள் விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்தப் பொறுமை வராது. ஆபத்து பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் பிறக்கிறது. எங்கள் திட்டத்தில் ஒரு நாளையும், ஒரு நாளுக்கான கூடுதல் சாப்பாட்டையும் ஆற்றுக்கென்றே ஒதுக்கினோம்.

பொருள்களெல்லாம் மூடி இறுகிய பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குள் போய்விடும். படகு கவிழ்ந்தாலும் மிதக்கும்படி அவற்றைப் படகோடு கட்டிவிடுகிறார்கள். மாற்றுத்துணியும் தூங்கும் பையும் நனையவே கூடாது. நனைந்த பருத்தித் துணி உடல்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையே நல்லது. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் கொண்டுபோனோம். நியூசிலாந்துக்குள் நுழையும்போது உணவுப் பொருள் அனைத்தையும் அறிவிக்க வேண்டும். கூடாரத்திலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைக்கூடச் சோதிப்பார்கள். வெளியூர் விதையும் கிருமியும் அந்தக் காட்டுக்குள் நுழையக் கூடாதே!

வழியில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். எந்த நாள் எங்கே தங்குவோம், எந்த நாளுக்குள் தகவல் வராவிட்டால் தேடச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் எழுதிக்கொடுத்தோம். லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணீரில் இருக்கும்வரை கழற்றவில்லை. இந்த ஆற்றில் சிறு நீர்ச்சரிவுகள் இருநூறுக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை ஒரு மீட்டர்கூட இறங்காது. ஆனாலும் கவிழ்ந்தால் செய்ய வேண்டியதைப் புறப்படும் முன்பே பழகிக்கொண்டோம்: மல்லாந்து மிதக்க வேண்டும், கால்கள் நீரோடும் திசையில் இருக்க வேண்டும், இழுப்பில் எழுந்து நிற்க முயலக் கூடாது. நின்றால் பாறையிடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். மாலையில் எவ்வளவு களைத்திருந்தாலும் படகைக் கரைமேட்டில் உயரத் தூக்கிவைத்து மரத்தில் கட்டிய பிறகே அடுப்பு பற்றவைத்தோம்.

இருபுறமும் செங்குத்தான களிப்பாறைச் சுவர்கள், அவற்றில் தொங்கும் பெரணிகள், இடையிடையே மெல்லிய அருவிகள். மங்கபுருவா துறையில் இறங்கிக் காட்டுக்குள் நாற்பது நிமிடம் நடந்தால் ‘எங்கும் போகாத பாலம்’ வரும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு இங்கே நிலம் கொடுத்தது. கான்கிரீட் பாலம் 1936-இல் முடிந்தபோதே பலர் வெளியேறிவிட்டார்கள். 1942-இல் குடியிருப்பே கைவிடப்பட்டது. இன்று அந்தப் பாலத்தை எட்டும் சாலை எதுவும் இல்லை.

வழியிலுள்ள டியேகே கயிங்கா அரசின் தங்குமிடமாக மட்டும் இல்லாமல் மாவோரிகளின் கூடும் இடமாகவும் இருக்கிறது. வருகிறவர்களை முறைப்படி வரவேற்கிறார்கள். அவர்கள் பேசிப் பாடி முடித்ததும் நம் பக்கமிருந்தும் ஒருவர் பேச வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். நாங்கள் தமிழில் பாடினோம். விருந்தாளி என்ற நினைவு அதன்பிறகு துடுப்பைப் போடும் கைக்கே வந்துவிட்டது. குப்பை ஒன்றுவிடாமல் திரும்ப எடுத்துவந்தோம். பாத்திரம் கழுவிய நீரை ஆற்றிலிருந்து எட்டத்தில் மண்ணில் ஊற்றினோம். சோப்பை ஆற்றுக்குக் காட்டவே இல்லை. தலைநீரின் ஒரு பங்கை 1970-களிலிருந்து மின்சாரத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். இருக்கும் நீருக்காவது நம்மால் கெடுதல் வரக் கூடாது.

போக விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எந்த ஆற்றுக்குப் போனாலும் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடுங்கள். ஆறு அந்த நாளைக் கேட்டால் முகமலர்ச்சியோடு கொடுத்துவிட்டுக் கரையிலேயே இருங்கள். கேட்காவிட்டால் பிபிரிகியிலிருந்து ஆற்றோரச் சாலையில் வாங்கனுயி நகரம் வரை மெதுவாகப் பயணம் செய்து, வழியிலுள்ள மாவோரி ஊர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.